வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நர்சம்மா

செல்வியின் பெயர் கைபேசியில் வந்தபோது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். வழக்கமாக அவள் மாலையில்தான் பேசுவாள். எடுத்து, "என்ன செல்வி?" என்றேன். "அம்மா போயிருச்சுக்கா" என்றாள்.

அவள் அம்மா பாக்கியம் நர்சம்மா அன்று காலை மதுரை திருநகர் வீட்டிலிருந்து தல்லாகுளம் கருவூல அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர வேண்டுமே, அதற்காக. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பஸ் ஏறியவர், இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கைப் பெண்ணின் தோளில் சாய்ந்துவிட்டார். உயிரோடு இருப்பதாகக் காலையில் எழுதிக் கொடுத்தவர் மதியம் இல்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததாகச் சொல்லியிருந்தால் நர்சம்மாவே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். அதில் நான் எழுத வேண்டும் என்று செல்வி கேட்டாள். சரி என்றதும் இன்னொன்றும் சொன்னாள். "அம்மாவச் சாமியாக்கிராதீங்கக்கா. உள்ளத எழுதுங்க." உள்ளது என்ன என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் உள்ளதையே எழுதுகிறேன். படித்துவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். வரட்டும்.

சாமியாக்குவதும் அவ்வளவு சுலபமில்லை. அவர் வாய் அப்படி. கிராம சுகாதார செவிலியராக எங்கள் ஊரையும் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களையும் அவர் ஒருவரே பார்த்தார். மொபெட்டின் முன்னால் தடுப்பூசிப் பெட்டி, பின்னால் யாராவது ஒரு பிள்ளைத்தாச்சி. ஊசி போட மறந்த தாயை நடுத்தெருவில் நிறுத்தி, "சீரியல் எத்தன மணிக்குன்னு மறக்குதா ஒனக்கு? பிள்ளைக்கு ஊசி மட்டும் எப்பிடித்தா மறக்குது?" என்று கேட்பார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் பிள்ளைக்கு ஊசி போட்டு முடித்திருப்பார். அவரிடம் திட்டு வாங்காத பெண் எங்கள் ஊரில் அநேகமாக இல்லை. அவரிடம் திட்டு வாங்காத ஆண்கள் உண்டு. அவர் வருகிற சத்தம் கேட்டதும் வயலுக்குப் போய்விட்டவர்கள் அவர்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஒரு அரையாண்டு விடுமுறையில். நான் திருச்சியில் பிறந்தவள், சென்னையில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். என் கணவரின் ஊர் மதுரைக்கு மேற்கே, கண்மாயை ஒட்டி இருக்கிறது. பள்ளியில் ஒரு வாரம் சேர்த்து லீவு சொல்லிவிட்டு மகள் கயலோடு அங்கே போயிருந்தேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. கணவர் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் இருந்தது அவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி ராஜாத்தி அக்காதான் அந்த வீட்டை நடத்துகிறவர். கயல் என்றால் அவருக்கு உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப் போவதைப் படித்துவிட்டு யாரும் அவரைக் கொடுமைக்காரியாக நினைக்கக் கூடாது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன முதல் எட்டு நாளும் கயல் வீட்டிலேயே இல்லை. பெரியப்பா பிள்ளைகளோடு வரப்பிலும், கண்மாய்க் கரையில் கருவேலம் புதருக்குள்ளும் ஒளிந்து விளையாடினாள். சென்னையில் பால்கனிக்கு மேல் பார்க்காத பிள்ளை, விளையாடட்டும் என்று நானும் விட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தாள். தொட்டால் கொதித்தது. காய்ச்சல் மருந்து கொடுத்தேன். விட்டது, திரும்ப வந்தது. சனிக்கிழமை குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது வயிற்றிலும் மார்பிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் படர்ந்திருந்தன.

ராஜாத்தி அக்கா பார்த்தார். உடனே ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துட்டாடி. செவ்வாக்கெழம காய்ச்ச வந்தப்பவே நெனச்சேன். அம்ம போட்டிருக்கு."

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. வாசல் நிலையில் வேப்பங்கொத்து ஏறியது. கயலைச் சுற்றி வேப்பிலை பரப்பினார்கள். சமையலில் தாளிப்பு நின்றது. கறி, மீன் கிடையாது. மாத்திரை, ஊசி கூடவே கூடாது, ஆத்தாவுக்கு ஆகாது. பிள்ளைக்கு இளநீரும் கூழும். வெளி ஆள் யாரும் படி ஏறக் கூடாது, பிள்ளையும் முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை படி இறங்கக் கூடாது. ராஜாத்தி அக்கா ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். வண்டியூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தார்.

நான் பி.காம். படித்தவள். கயலுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருந்தேன். சென்னையில் அவளைப் பார்க்கும் டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "படத்தை வைத்துச் சொல்ல முடியாது, பக்கத்தில் நேரில் காட்டுங்கள்" என்று பதில் வந்தது. அதை யாரிடமும் நான் காட்டவில்லை. யாராவது கேட்டிருந்தால் காட்டியிருப்பேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். உண்மை என்னவென்றால், அம்மை என்று ஒரு பெயர் கிடைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னவென்றே தெரியாமல் நாலு நாள் பயந்து கிடந்தவளுக்கு அந்தப் பெயர் ஒரு தலையணை மாதிரி கிடைத்தது. சாய்ந்துகொண்டேன்.

பின்னாட்களில் நர்சம்மா இதைத்தான் சொல்வார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் தாயி. தெரியாததுக்கு ஒரு பேர வச்சுப்புட்டா அதுக்கப்புறம் ஒருத்தரும் பாக்க மாட்டாக."

திங்கட்கிழமை காய்ச்சலுக்கு ஏழாவது நாள். கயல் கண்ணைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. கூப்பிட்டால் "ம்" என்பாள், அதுவும் ஒரு நொடி கழித்து. அன்று முற்பகலில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. ஊரில் யார் யாருக்குக் காய்ச்சல் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து வந்த நர்சம்மா, வேப்பங்கொத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். வெள்ளைச் சேலை, தோளில் பை, நெற்றியில் வேர்வை. முதல் படியில் கால் வைக்கப் போனவரை ராஜாத்தி அக்கா வாசலிலேயே மறித்தார்.

"நர்சம்மா, அங்கனயே நில்லுங்க. பிள்ளைக்கு அம்ம போட்டிருக்கு. வெளி ஆளு உள்ள வரக் கூடாது."

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நேரம் உள்ளே, கயலின் தலைமாட்டில் எதிர்வீட்டுச் சித்தி உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மூன்றாவது முறையாக வந்திருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. நர்சம்மாவின் பார்வை ராஜாத்தி அக்காவின் தோளைத் தாண்டி உள்ளே போய், சித்தியைப் பார்த்து, திரும்பி என் மேல் வந்தது. அவர் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்தார்.

நர்சம்மா பக்கத்து ஊர்க் காலனியில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் ஊர் வயல்களில் நாற்று நட்டவர்கள். அப்போதே இருபது வருடமாக அவர் எங்கள் ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மூன்று பிரசவங்களுக்கு ஆஸ்பத்திரி வரை கூடப் போயிருக்கிறார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் சொட்டு மருந்து கொடுத்த இடம் மாட்டுக்கொட்டகை வாசல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் அங்கே போவோம். அவர் ஒருநாளும் படி ஏறியதில்லை, யாரும் ஏறச் சொன்னதும் இல்லை. அன்று அம்மைதான் காரணம் என்று நினைத்துக்கொள்ள எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

நான் வாய் திறந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் என் கணவருக்கும் பாதி உரிமை உண்டு. உள்ளே கிடந்தது என் பிள்ளை. "உள்ள வாங்க நர்சம்மா" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வருடத்தில் சில நாள் வந்துபோகிற மருமகள், எதற்கு வம்பு என்று நின்றேன். ராஜாத்தி அக்கா மனம் கோணக் கூடாது என்று நின்றேன். இன்னும் எத்தனை காரணம் சொன்னாலும், நின்றேன் என்பதுதான் நடந்தது.

நர்சம்மா படியில் வைக்கப் போன காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "சரி ராஜாத்தி, நான் வரல" என்றார். அப்புறம் அவரைத் தாண்டி என்னிடம் கேட்டார். "காய்ச்ச எத்தன நாளு? முத்துல நீர் கோத்திருக்கா? தடவுனா மேடு தட்டுதா, தட்டையா இருக்கா?"

ஏழு நாள் என்றேன். நீர் கோக்கவில்லை, தட்டையாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அம்மைன்னா இந்நேரம் முத்து முத்தா நிக்கணும். நீ என்ன பண்ற, பிள்ளையக் கொல்லப்பக்கம் வெளிச்சத்துக்குத் தூக்கிட்டு வா. படி எறங்க வேணாம், கொல்லையும் வீடுதான?" கடைசி வாக்கியம் ராஜாத்தி அக்காவுக்கு.

கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் துண்டை விரித்துக் கயலைப் படுக்க வைத்தேன். நர்சம்மா வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். எங்களுக்கு நடுவில் நாலு முழம் இருக்கும். அங்கிருந்தபடியே சொன்னார், நான் செய்தேன்.

"கையத் தூக்கு. கம்புக்கூட்டப் பாரு. கறுப்பா ஒரு பொருக்கு இருக்கும், பீடியால சுட்ட மாதிரி. இருக்கா?"

"இல்ல நர்சம்மா."

"அந்தக் கை. காதுக்குப் பின்னால. முடியப் பிரிச்சு மண்டையில பாரு. பதறாத. கழுத்து மடிப்பு. தொடையிடுக்கு."

எங்கும் இல்லை. வெயில் பட்டுக் கயல் முனகினாள். "ஒன்னும் காணோம் நர்சம்மா" என்றேன்.

"காணோம்னு சொல்லாத. பாத்துட்டேன்னு சொல்லு. எல்லா எடமும் பாத்தாச்சா? பிள்ள ஒடம்புல நீ பாக்காத எடம் எது?"

பார்க்காத இடம் ஒன்று இருந்தது. நாங்கள் ஊருக்கு வந்த அன்றே, கண் படாமல் இருக்க வேண்டும் என்று ராஜாத்தி அக்கா கயலின் இடுப்பில் புதிதாக ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு கட்டியிருந்தார், கொஞ்சம் இறுக்கமாகவே. அதைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது விரலை விட்டு நகர்த்தினேன். இடுப்பின் இடது பக்கத்தில், கயிறு அழுத்திய தடத்துக்கு உள்ளேயே, பச்சைப்பயறு அளவில் கறுப்பாகக் காய்ந்த பொருக்கு. சுற்றிலும் சிவந்திருந்தது.

"இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "இருக்கு நர்சம்மா!"

நர்சம்மா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "ஆத்தா இல்ல தாயி. பூச்சி. புல்லுலயும் பொதருலயும் கெடக்கும், கண்ணுக்கே தெரியாது. கயிறு, எலாஸ்டிக்கு, இறுக்கமா எங்கன இருக்கோ அங்கனதான் போயி ஒக்காரும். உண்ணிக் காய்ச்சம்பாக. மருந்து இருக்கு, ரெண்டே நாளுல நின்னுரும். ஆனா இன்னைக்கே ஆரம்பிக்கணும். ஏழு நாளு ஆயிருச்சு, இதுக்கு மேல விட்டா மூச்சு எளைக்க ஆரம்பிச்சிரும். தூக்கு."

பின்வாசல் படலைத் திறக்கப் போனபோது ராஜாத்தி அக்கா ஓடி வந்து முன்னால் நின்றார். "முத்து எறங்காமத் தாண்டாதடி. ஆத்தா கோவிச்சுக்கிட்டா பிள்ளைய யாரு காப்பாத்துறது? நான் எம்புட்டு வேண்டியிருக்கேன் தெரியுமா?" உண்மையான பயம் அது. அவர் நடிக்கவில்லை. நான் கயலைத் தோளில் போட்டுக்கொண்டு, "கோபம் வந்தா என் மேல வரட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுப் படலைத் தள்ளினேன். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துப் பல வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன். பத்து நிமிடம் முன்பு வாசலில் வராத வாய் அது என்பதை மறந்துவிட்டு.

நர்சம்மா தனக்குத் தெரிந்த ஆட்டோவைப் போனில் வரவழைத்திருந்தார். மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டு அவரும் ஏறினார். மேடுபள்ளத்தில் ஆட்டோ குதித்தது. கயலின் கால்கள் என் மடியிலிருந்து நழுவின. நர்சம்மாவின் கை தானாக நீண்டது, பாதியில் நின்றது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"பிடிச்சுக்கிறவா?"

ஆயிரம் பிள்ளைகளைத் தொட்டுத் தூக்கிய கை. ஊரையே நடுத்தெருவில் திட்டுகிற பெண். என் பிள்ளையைத் தொட என்னிடம் அனுமதி கேட்டார். கயலைத் தூக்கி அப்படியே அவர் மடியில் போட்டேன். அவர் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேலை முந்தானையால் வெயிலை மறைத்தபடி, பெரியாஸ்பத்திரி வரும் வரை பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அப்படி மடியில் போட்டதே நான் கேட்ட மன்னிப்பு என்று வெகுநாள் வரை என்னைத் தேற்றிக்கொண்டேன். வாயால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தப்பிக்க அது நல்ல வழியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா பொருக்கைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பித்தார். "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நர்சம்மா என்னைக் காட்டி, "இவுகதான் பாத்தாக" என்றார். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. கயல் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. நர்சம்மா என்னைப் பார்த்து, "பிள்ள இட்லி கேட்டா இட்லி வாங்கியாரணும், அழுகக் கூடாது" என்று விரட்டினார்.

அன்று மதியம் ராஜாத்தி அக்கா பஸ் ஏறி வந்தார். கயலைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். அப்புறம் என்னிடம் சொன்னார். "ஆத்தாதான்டி நர்சம்மா ரூபத்துல வந்து காட்டிக் குடுத்துருக்கா."

இதை நான் ஒரு வருடம் கழித்து, அடுத்த விடுமுறையில் நர்சம்மாவிடம் சொன்னேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்று, செல்வியோடு திருநகரில் ஒரு மாடி வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆத்தாளே வந்து நின்னிருந்தாலும், எந்தத் தெருவுலருந்து வாரன்னு கேட்டுட்டுத்தான உள்ள விட்டிருப்பீக!"

நானும் சேர்ந்து சிரித்தேன். செல்வி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் வீட்டுக் காபியைக் குடித்ததை ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி மனதுக்குள் குறித்துக்கொண்டவள் நான். இதையும் எழுதிவிடுகிறேன், உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறாள் அல்லவா.

அன்று ஒன்று கேட்டேன். "ஏன் நர்சம்மா, அன்னைக்கு நீங்க தள்ளிக்கிட்டு உள்ள வந்திருக்கலாமே? ஊரையே மிரட்டுறவங்க நீங்க."

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "வந்திருக்கலாம் தாயி. நான் உள்ள வந்திருந்தா அம்மையப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாக. நான் வந்ததப் பத்தித்தான் பேசுவாக. அவுக பேசி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்கியிருக்கும். எனக்கு வேலைதான் ஆகணும்."

எத்தனை வீடுகளின் முன்னால் இந்தக் கணக்கை அவர் போட்டிருப்பார் என்று அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். கோபத்தை அடக்கினால் பிள்ளை பிழைக்கும் என்கிற கணக்கு. கோபமே வராதவர் இல்லை அவர். நடுத்தெருவில் அவர் போட்ட சத்தமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாய் எடுத்தேன். முதல் முறை, "நர்சம்மா, அன்னைக்கு வாசல்ல..." என்று ஆரம்பித்ததும், "கயலு வாய்ப்பாடு எதுவரைக்கும் சொல்லுது?" என்று வெட்டிவிட்டார். இரண்டாவது முறை, இரண்டு வருடத்துக்கு முன்பு, கயலின் சடங்குக்கு அழைக்கப் போனபோது. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க வச்சிருக்கீக?" என்று கேட்டார். ஊரில்தான், வீட்டு முன்னால் பந்தல் என்றேன். பத்திரிகையை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பந்தலில் அவருக்கு இலை எங்கே விழும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில், "என் பக்கத்துல உக்காருங்க, யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியதும் அவர்தான். "அன்னைக்குச் செல்விக்கு ஏதோ சோலின்னு சொன்னா. பிள்ள படத்த எனக்கு அனுப்பி விடு, நான் இங்கருந்தே பாத்துக்கிறேன்" என்றார்.

படங்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார்.

அடக்கம் அவர் பிறந்த ஊரில் நடந்தது. கயலும் நானும் சென்னையிலிருந்து வந்து மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே இறங்கினோம். எங்கள் ஊரிலிருந்து ஒரு மைல்கூட இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் நடந்தது அதுதான் முதல் முறை. தெருமுனையில், வேப்பமரத்துக்குக் கீழே ராஜாத்தி அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "வாங்கக்கா" என்று கையைப் பிடித்தேன். தலையை ஆட்டினாரே தவிர கால் நகரவில்லை. நான் இழுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அப்படிக் கால் நகராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

துக்க வீட்டில் யாரையும் யாரும் வாங்க என்று சொல்வதில்லை. வந்தவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அது வழக்கம். நாங்கள் படி ஏறி உள்ளே போனோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை, எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நர்சம்மா வெள்ளைச் சேலையில் இருந்தார். செல்வி என் தோளில் சாய்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்த ஒரு வயதான பெண் கயலின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இதான அந்தப் பிள்ள? வேலிக்கு அங்கிட்டு நின்னு பாத்துச்சே எங்க பாக்கியம், அந்தப் பிள்ளதான?"

அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது. என் மகளுக்குத்தான் தெரியாது. உண்ணிக் காய்ச்சல் வந்ததும், நர்சம்மா கண்டுபிடித்ததும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். வேலியைச் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள். "வேலிக்கு அந்தப் பக்கம் ஏம்மா நின்னாங்க?" சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பாங்களா?"

"வந்திருப்பாங்க" என்றேன்.

மதுரை வரும் வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு நர்சம்மா பிரசவம் பார்த்திருப்பார், பிள்ளைக்கு ஊசி போட்டிருப்பார், நடுத்தெருவில் திட்டியிருப்பார். அவர் எத்தனை பேர் வீட்டுக்குள் வந்திருக்கிறார் என்று நான் கேட்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவற்றைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பிள்ளையின் உடம்பை முழுதாகப் பார்க்காமல் பயப்படவோ நிம்மதி அடையவோ கூடாது என்று கற்றுக்கொண்டேன். என் மகள் கிடைத்தாள். இவையெல்லாம் அவர் கொடுத்தவை. அவர் கொடுக்காமல் நானாக வைத்துக்கொண்ட ஒன்றும் இருக்கிறது. ஒன்பது வருடம் அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு "வாங்க". இனி அதைச் சொல்ல எனக்கு வாசல் இருக்கிறது, வருவதற்கு அவர் இல்லை.